கதியாலைத் தள்ளிப் போடுவது எப்படி? – கொம்பியூட்டர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கதை. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கிலேயே, அதைப் போலக் கொம்பியூட்டரை இயக்குகிற இன்னொரு மென்பொருளான லினக்ஸையும் போட வேண்டும், விண்டோஸும் போகக் கூடாது, உள்ளே இருக்கிறது ஒன்றும் அழியக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-உடன் நிறுத்திய பிறகு பழைய கொம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த யோசனை வந்துவிட்டது போல. ஆகவே இந்தமுறை பக்கம் முழுக்க டிஸ்க் பிரிக்கிற அலுவல்தான். பிரிண்டர் பற்றிக் கேட்ட இருவரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன். சுவிஸில் இருக்கும் மாமா தான் பாவித்த லப்டொப்பை அனுப்பியிருக்கிறார். விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் மட்டும்தான், டி இல்லை. அந்த சி-யும் 237 ஜிபி என்றுதான் காட்டுகிறது. லினக்ஸ் போட்டுப் பழக விருப்பம். ஆனால் அப்பா வயல் கணக்கு, நெல் விற்ற கணக்கு எல்லாம் இதில்தான் வைத்திருக்கிறார். அழிந்தால் நான் வீட்டில் இருக்க ஏலாது. எப்படிப் பிரிப்பது?
– மாணவி, விசுவமடு

பதில்: தங்கச்சி, அந்த 237-ஐ முதலில் முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் மாமா மேல் வீண் சந்தேகம் வரும். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதனால் பெட்டியில் 256 ஜிபி என்று போட்டது விண்டோஸின் கணக்கில் 238. அதேபோல 500 என்றால் 465, ஒரு டெராபைட் என்றால் 931. மிச்ச ஒரு ஜிபி எங்கே போனது என்றால், சி-க்கு முன்னும் பின்னும் ஒளிந்திருக்கிற சின்னப் பார்ட்டிஷன்களுக்குள், அதாவது டிஸ்க்கைப் பிரித்த துண்டுகளுக்குள். நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது அவற்றோடுதான்.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறவுங்கள். கீழே உங்கள் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். அதை அப்படியே ஒரு கொப்பியில் கீறி, ஒவ்வொரு துண்டுக்கும் பெயரையும் அளவையும் எழுதிவையுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரிதான், ஆனால் கையால் கீறினால் மனதில் நிற்கும், பிறகு லினக்ஸ் நிறுவும்போது அதே துண்டுகள் வேறு பெயரில் வரிசையாக வரும்போது எது எது என்று அளவை வைத்தே பிடித்துவிடலாம். இடது ஓரத்தில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி, சில லப்டொப்களில் 260. கொம்பியூட்டர் எழும்பும்போது முதலில் தேடுகிற தொடக்கக் கோப்புகள் அதற்குள்தான். பிறகு சி. வலது ஓரத்தில் ரெக்கவரி என்று ஐந்நூறு, அறுநூறு எம்பிக்கு ஒன்று. இவை போக மைக்ரோசொஃப்ட் தனக்கென்று ஒதுக்கிய 16 எம்பித் துண்டு ஒன்றும் உண்டு, அது இந்தப் படத்தில் தெரியாது, லினக்ஸ் பக்கம் போனால் தெரியும். அப்போது 'இது என்ன சும்மா கிடக்கிறது' என்று அழித்துவிட வேண்டாம்.

அடுத்தது அப்பாவின் கணக்கு. இன்றைக்கே ஒரு பென் டிரைவில் ஒரு பிரதி, கூகுள் டிரைவிலோ வேறொருவரின் கொம்பியூட்டரிலோ இன்னொரு பிரதி. பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பென் டிரைவை வேறு ஒரு கொம்பியூட்டரில் போட்டு கோப்பு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதன்முதல் லினக்ஸ் போட்ட அன்று 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற வட்டம் தெரிவாகி இருந்ததைப் பாராமல் அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டு போனவன் நான். அக்காவின் கலியாணப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. இன்றைக்கும் யாராவது வந்து ஆல்பம் கேட்டால் அக்கா என்னைக் கைகாட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

இப்போது மாமாவுக்கு ஒரு போன் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11 லப்டொப் பலவற்றில், யாரும் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் சி-க்குக் கீழே 'பிட்லொக்கர் என்கிரிப்டட்' என்று எழுதியிருந்தால் உங்களுடையதும் அப்படித்தான். விண்டோஸ் வழமைபோல ஓடும்வரை இது தெரியவே தெரியாது. பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னமே ஓடுகிற கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்பில், எதையாவது மாற்றினாலோ, தொடங்குகிற ஒழுங்கை மாற்றினாலோ, திடீரென்று நீலத் திரையில் 48 இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த எண் எங்கே இருக்கும்? முதன்முதலில் அந்த லப்டொப்பில் நுழைந்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில், அதாவது மாமாவின் கணக்கில். அவர் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால் உள்ளே இருக்கிறது உள்ளேயே போய்விடும், கடைக்குக் கொண்டுபோனாலும் ஒருவராலும் எடுக்க முடியாது. ஆகவே முதலில் மாமாவிடம் அந்த எண்ணை வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன், அதை ஓஃப் பண்ணுங்கள். விண்டோஸுக்குள் நிர்வாகியாக நுழைந்திருக்கும்போது ஓஃப் பண்ண எண் தேவையில்லை. பூட்டு முழுக்கக் கழன்று முடியச் சில மணித்தியாலம் பிடிக்கலாம், சார்ஜரில் போட்டுவிட்டுப் படியுங்கள்.

விண்டோஸ் 8-இல் இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க உறங்காமல், ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிற மாதிரிப் படுக்கும். அந்த நிலையில் லினக்ஸில் இருந்து சி டிரைவைத் தொட்டால் ஒன்றில் எழுத விடாது, அல்லது திறக்கவே விடாது, மீறி எழுதினால் கோப்புகள் குழம்பும். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி தானே, தொடங்குவதற்கு மேலதிகமாக நாலைந்து செக்கன் பிடித்தால் என்ன.

சரி, பிரிப்போம். விண்டோஸின் பார்ட்டிஷனைச் சுருக்குகிற வேலையை விண்டோஸைக் கொண்டே செய்விக்க வேண்டும், இது என் பிடிவாதம். லினக்ஸிலும் ஜிபார்ட்டெட் என்ற நல்ல கருவி உண்டு, நிறுவியே பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருகிறேன் என்றும் சொல்லும், பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் தன் வீட்டில் எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்று விண்டோஸுக்குத்தான் வடிவாகத் தெரியும். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் சி-யின் மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வொல்யூம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பியில் கேட்கும். 60 ஜிபி வேண்டுமென்றால் 60-ஐ 1024-ஆல் பெருக்கி 61440 என்று போடுங்கள். உங்களுக்கு 60 தாராளம், லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தனக்கு 20 ஜிபியாவது வேண்டும் என்கிறது, மிச்சம் உங்கள் பைதன் பயிற்சிக்கும் படங்களுக்கும் போதும். இதை எடுத்த பிறகும் சி-யில் குறைந்தது முப்பது ஜிபி வெறுமையாக நிற்க வேண்டும், விண்டோஸ் அப்டேட்டுக்கு அது தேவைப்படும்.

இங்கேதான் பலர் தடுக்குப்படுகிறார்கள். சி-யில் 120 ஜிபி வெறுமையாகக் கிடக்கும், ஆனால் ஷ்ரிங்க் பெட்டி 'ஒன்பது ஜிபிதான் தரலாம்' என்று சொல்லும். எங்கள் ஊரில் வேலிக் கதியால் தள்ளிப் போடுகிற கதை உங்களுக்குத் தெரியும்தானே, வேலியை எவ்வளவு தள்ளலாம் என்பது காணியில் எவ்வளவு வெறும் நிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை, நடுவில் கிணறு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அசைக்க முடியாத கிணறுகள் சில உண்டு: உறக்கநிலைக் கோப்பு, பேஜிங் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோரின் நிழற்பிரதிகள். இவற்றில் ஒன்று டிஸ்க்கின் நடுவில் குந்திக்கொண்டிருந்தால் அதைத் தாண்டி வேலி போகாது.

அப்போது கிணற்றைத் தற்காலிகமாக மூட வேண்டியதுதான். கமாண்ட் ப்ரொம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி, சாய்கோடு, எச், இன்னோர் இடைவெளி, ஓஃப் என்று அடித்து என்டர் கொடுங்கள். சுவிஸ் விசைப்பலகை என்றால் சாய்கோடு கேள்விக்குறி விசையில் இருக்காது, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 7. இந்தக் கட்டளையால் உறக்கநிலைக் கோப்பும் போகும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போகும். பிறகு சிஸ்டம் ப்ரொப்பர்ட்டீஸில் வேர்ச்சுவல் மெமரியை 'நோ பேஜிங் ஃபைல்' ஆக்கி, சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடியும் ஷ்ரிங்க் பாருங்கள். அநேகமாக இடம் கிடைத்துவிடும். வேலை முடிந்ததும் பேஜிங் கோப்பையும் ப்ரொடெக்ஷனையும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

சுருக்கிய பிறகு சி-க்கும் ரெக்கவரிக்கும் நடுவில் கறுப்புத் தலைப்போடு 'அன்அலொகேட்டட்' என்று ஒரு துண்டு தெரியும். அதை அப்படியே விடுங்கள். விண்டோஸில் நியூ வொல்யூம் கொடுத்து ஃபோர்மட் பண்ணி டி என்று பெயர் வைக்கவெல்லாம் வேண்டாம். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் ஆசை ஆசையாக டி ஆக்கிவிட்டு, லினக்ஸ் நிறுவி வெறும் இடம் ஒன்றும் இல்லை என்கிறதே என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இந்த வேலையெல்லாம் மின்வெட்டு வராத நேரத்தில். லப்டொப் என்றபடியால் பற்றரியை முழுக்க ஏற்றிவிட்டு சார்ஜரிலும் போட்டுச் செய்யுங்கள். மேசைக் கொம்பியூட்டர்காரர்கள் யூபிஎஸ் இல்லாமல் ஐப்பசியில், பின்னேரம் இடி முழங்குகிற நேரத்தில் பார்ட்டிஷன் சுருக்க இறங்கினால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நிறுவுவது இதைவிடச் சுகம். லினக்ஸ் மின்ட் 22-இன் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி, இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 கிட்டத்தட்ட 6 ஜிபி. ரீலோட் போட்டு டேட்டாவில் இறக்கப்போகிறீர்கள் என்றால் மின்ட்டே காணும், அதற்கு 2029 வரை அப்டேட்டும் உண்டு. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழியும். அப்பாவின் கணக்கைப் பிரதி எடுத்த அதே பென் டிரைவை எடுத்துவிடாதீர்கள், சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது.

லப்டொப்பை இயக்கும்போது பூட் மெனு விசையை அழுத்த வேண்டும்: டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. ஒரே பென் டிரைவ் இரண்டு தரம் தெரிந்தால் யூஈஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே தெரிவு செய்யுங்கள், உங்கள் விண்டோஸும் அந்த முறையில்தான் எழும்புகிறது, இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும். நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடுகிற செக்யூர் பூட்டை நிறுத்தத் தேவையில்லை, மின்ட்டும் உபுண்டுவும் அது ஓனில் இருக்கும்போதே எழும்பும். நிறுவாமலே மின்ட் திரையில் வரும், கொஞ்ச நேரம் அப்படியே பாவித்துப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா? வைஃபை பிடிக்காவிட்டால் போனை யூஎஸ்பி வயரால் கொழுவி டெதரிங் போட்டாலே அநேகமாக இணையம் வந்துவிடும்.

நிறுவும்போது விசைப்பலகை எது என்று கேட்கும் இடத்தில் சுவிஸ் ஜேர்மன் அல்லது உங்களுடையது எதுவோ அதைச் சரியாகக் கொடுங்கள். அதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும், பிழையாகக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல் வைத்தால் நாளைக்கு உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். எங்கே நிறுவுவது என்ற கேள்வி வரும்போது 'சம்திங் எல்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் கொப்பிப் படம் இப்போதுதான் கைகொடுக்கும். 60 ஜிபி வெறும் இடத்தைத் தெரிந்து, கூட்டல் குறியை அழுத்தி, வகை எக்ஸ்ட்4, மவுண்ட் பொயிண்ட் என்ற இடத்தில் வெறும் சாய்கோடு ஒன்று மட்டும். ராம் போதாதபோது பாவிக்கிற ஸ்வொப்புக்குத் தனியாகப் பார்ட்டிஷன் வேண்டாம், அது கோப்பாகத் தானே உண்டாகும். சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் பார்ட்டிஷனைத் தனியாகப் பிரி என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்வார்கள், 60 ஜிபியைப் போய் இரண்டாக்கி ஒன்று நிரம்பி மற்றது வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துக் கவலைப்பட என்ன தேவை. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை லினக்ஸும் விண்டோஸும் பங்குபோட்டுக்கொள்ளும், அதற்கு நேரே ஃபோர்மட் என்ற கட்டத்தில் சரி அடையாளம் இல்லை என்பதை மட்டும் இரண்டு தரம் பாருங்கள். கடைசியில் 'இந்த மாற்றங்களை எழுதட்டுமா' என்று ஒரு பட்டியல் காட்டும். அதில் ஃபோர்மட் ஆகப்போவது உங்கள் புது எக்ஸ்ட்4 ஒன்று மட்டும் என்றால் தொடருங்கள். வேறு ஏதாவது இருந்தால் பின்னுக்கு வாருங்கள், அதுவரை டிஸ்க்கில் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

கேள்வி: தம்பி, நான் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பத்து வருடப் பழைய மெசின், விண்டோஸ் 10, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சிஸ்டம் ரிசேர்வ்ட், சி, டி, ஈ என்று நாலு இருக்கிறது. நீங்கள் முன்பு ஒருமுறை எழுதியபடி ஈ-யைச் சுருக்கி 60 ஜிபி எடுத்தேன். மின்ட் நிறுவும்போது அந்த 60 ஜிபியை 'அன்யூசபிள்' என்று காட்டுகிறது. விண்டோஸில் அதைப் புதுப் பார்ட்டிஷன் ஆக்கப் பார்த்தால் டைனமிக் டிஸ்க் ஆக்கட்டா என்று கேட்கிறது. யெஸ் கொடுக்கட்டா?
– கடைக்காரர், மல்லாவி

பதில்: ஐயா, கொடுக்க வேண்டாம். நல்ல காலம், கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்கள். டைனமிக் ஆக்கிவிட்டால் லினக்ஸ் நிறுவிகளுக்கு அது விளங்காது, திரும்ப பேசிக் ஆக்க விண்டோஸின் சொந்தக் கருவியில் உள்ள ஒரே வழி டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும் அழிப்பது.

உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. 1983-இல் டொஸ் 2.0-ஓடு வந்த முறை அது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் தொடக்க நிரலும் இருக்க வேண்டும், பார்ட்டிஷன் அட்டவணையும் இருக்க வேண்டும். அட்டவணைக்குக் கிடைத்தது 64 பைட், ஒரு பார்ட்டிஷனைப் பதிய 16 பைட், ஆக நாலே நாலு. பத்து மெகாபைட் டிஸ்க் பாவித்த காலத்து மனிதருக்கு நாலு போதுமாக இருந்தது. உங்களிடம் நாலும் நிரம்பிவிட்டது, ஐந்தாவதை எழுத அட்டவணையில் இடம் இல்லை, அதனால்தான் வெறும் இடம் இருந்தும் அன்யூசபிள் என்கிறது. புதிய லப்டொப்களில் ஜிபிடி என்ற முறை, விண்டோஸ் அதில் 128 வரை இடம் தரும், விசுவமட்டுத் தங்கச்சிக்கு இந்தத் தலையிடி இல்லாதது அதனால்தான்.

வழி இருக்கிறது. நாலில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' என்ற பெரிய உறை ஆக்கினால் அதற்குள் லொஜிக்கல் பார்ட்டிஷன்கள் பலவற்றைப் போடலாம். லினக்ஸ் லொஜிக்கலில் இருந்தும் எந்தக் குறையும் இல்லாமல் எழும்பும். ஈ-யில் இருப்பதை எல்லாம் வெளியில் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள், கடைக்கு வந்து அடையாள அட்டை போட்டோக்கொப்பி எடுத்த சனத்தின் ஸ்கான்கள் ஈ-யில் கிடந்தால் இந்தச் சாட்டில் அவற்றை அழித்தும் விடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் ஈ-யை டிலீட் கொடுங்கள். இப்போது மூன்று ப்ரைமரி, மிச்சம் முழுக்க வெறும் இடம். மின்ட் நிறுவியில் சம்திங் எல்ஸ் போய் 60 ஜிபிக்கு லொஜிக்கல் என்று தெரிந்து எக்ஸ்ட்4 ஆக்குங்கள், மிச்சத்தையும் லொஜிக்கலாக வைத்து பிறகு விண்டோஸில் இருந்து என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வகை ஆக்கிப் பழைய ஈ-யைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மின்ட்டில் இருந்தும் அந்த ஈ-யைத் திறக்கலாம், எழுதலாம்.

எம்பிஆரை ஜிபிடி ஆக மாற்றுகிற கருவியும் விண்டோஸ் 10-இல் உண்டு, ஆனால் மூன்று ப்ரைமரிக்கு மேல் இருந்தால் அது மாட்டேன் என்றுவிடும், மாற்றினால் பயோஸையும் யூஈஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். ஓடுகிற கடை மெசினில் அந்த வேலை வேண்டாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: அண்ணா, பல்கலைக்கழக முதல் வருடம். லப்டொப் புதிது. ஷ்ரிங்க் பண்ணி இடமும் எடுத்துவிட்டேன். ஆனால் நிறுவியில் என் எஸ்எஸ்டியே தெரியவில்லை, பென் டிரைவ் மட்டும் தெரிகிறது. டிஸ்க் பழுதா?
– வவுனியா

பதில்: பழுது இல்லை தம்பி, விண்டோஸ்தான் அதில் இருந்து எழும்புகிறதே. இன்டெல் சிப் உள்ள பல லப்டொப்களில் டிஸ்க்கை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற ஓர் இடைத்தரகர் வழியாகத்தான் காட்டுவார்கள். பயோஸில் அதை நிறுத்தி ஏஎச்சிஐ என்ற பொதுவான முறை ஆக்கினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும். ஆனால் நேரே போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு ஏஎச்சிஐ டிரைவரை ஏற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒழுங்கு இது: விண்டோஸில் சிஸ்டம் கொன்ஃபிகரேஷனைத் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட் என்பதைச் சரி போடுங்கள், ரீஸ்டார்ட் செய்து நேரே பயோஸுக்குள் போய் மாற்றுங்கள், விண்டோஸை சேஃப் மோட்டில் ஒருதரம் எழும்ப விடுங்கள், அப்போது அது புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிட்டு வழமைபோல எழுப்புங்கள். சேஃப் மோட்டில் சிலவேளை பின் நம்பரை ஏற்காது, கணக்கின் கடவுச்சொல் ஞாபகத்தில் இருக்க வேண்டும். பிட்லொக்கர் பற்றி மேலே எழுதியதைத் தொடங்குவதற்கு முன்னமே வாசியுங்கள், பயோஸில் இதை மாற்றினால் அந்த 48 இலக்கத்தைக் கேட்கக்கூடும்.

கேள்வி: லினக்ஸ் போட்டதில் இருந்து விண்டோஸில் மணிக்கூடு பின்னுக்கு நிற்கிறது. சரியாக்கினாலும் அடுத்தநாள் திரும்ப அப்படியே. மதர்போர்ட் பற்றரி மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள், மாற்றியும் பார்த்துவிட்டேன்.
– புதுக்குடியிருப்பு

பதில்: எவ்வளவு பின்னுக்கு என்று பார்த்தீர்களா? சரியாக ஐந்தரை மணித்தியாலமாக இருக்கும். மதர்போர்ட்டில் உள்ள மணிக்கூட்டில் இலங்கை நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொதுநேரம் இருக்க வேண்டும் என்று லினக்ஸ் நினைத்து அப்படியே மாற்றி எழுதிவைக்கிறது. லினக்ஸைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். டெர்மினலில் டைம், டேட், சி, டி (டைம் என்ற சொல்லின் முதல் எழுத்து), எல் என்பவற்றை ஒரே சொல்லாக ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு, செட், லோக்கல், ஆர்டிசி என்ற மூன்றுக்கும் நடுவில் சின்னக் கோடு போட்டு எழுதி, இன்னோர் இடைவெளி விட்டு 1 என்று அடியுங்கள். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். பழைய பற்றரியை எறியாமல் வைத்திருந்தால் அது நல்லதுதான்.

கேள்வி: லினக்ஸ் சரிவரவில்லை என்று விண்டோஸுக்குள் போய் அதன் பார்ட்டிஷனை டிலீட் பண்ணினேன். இப்போது எழுப்பினால் கறுப்புத் திரையில் கிரப் என்று எழுதிவிட்டு நிற்கிறது. சி-யும் போய்விட்டதா? அவசரம்.
– மாங்குளம்

பதில்: போகவில்லை அண்ணை, ஆறுதலாக இருங்கள். தொடங்கும்போது எதை எழுப்புவது என்று கேட்கிற வாயிற்காவலன்தான் கிரப். அவனுடைய சாமான்கள் நீங்கள் அழித்த பார்ட்டிஷனுக்குள் இருந்தன, ஆளை வாசலில் விட்டுவிட்டு வீட்டை இடித்துவிட்டீர்கள். லப்டொப் யூஈஎஃப்ஐ முறை என்றால் பயோஸுக்குள் போய் பூட் ஒழுங்கில் விண்டோஸ் பூட் மனேஜரை முதலாவதாக்கினால் போதும், ஐந்து நிமிட வேலை. பழைய எம்பிஆர் மெசின் என்றால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவால் எழுப்பி, ரிப்பெயர் வழியாகக் கமாண்ட் ப்ரொம்ப்ட்டுக்குப் போய் பூட்ரெக் என்ற கட்டளையை, சாய்கோட்டோடு ஃபிக்ஸ்எம்பிஆர் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். சரியான முறை என்னவென்றால் முதலில் தொடக்கத்தை விண்டோஸுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பார்ட்டிஷனை அழிப்பது.

வெறுமையான இடத்தைச் சி-யோடு சேர்க்கப் போகும்போது எக்ஸ்டெண்ட் வொல்யூம் மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த இடம் சி-க்கு வலப்பக்கத்தில் ஒட்டியபடி இருந்தால்தான் விண்டோஸ் சேர்க்கும், நடுவில் ரெக்கவரி ஏதாவது நின்றால் சேர்க்காது. அப்போது அதை டி ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சங்கக் கடிதங்கள் முழுக்கப் பாமினியில் அடித்தவை, டி டிரைவில் இருக்கின்றன. லினக்ஸ் போட்டால் வாசிக்கலாமா? எனக்கு வேறு தட்டச்சு தெரியாது.
– முள்ளியவளை

பதில்: வாசிக்கலாம் அக்கா. டி டிரைவ் லினக்ஸின் கோப்புச் சாளரத்தில் இடப்பக்கம் தெரியும், கிளிக் செய்தால் திறக்கும். பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவிவிட்டால் லிப்ரே ஒஃபிஸில் பழைய கடிதங்கள் தமிழாகவே வரும், அடிப்பதும் விண்டோஸில் அடிப்பது போலத்தான், ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. பக்க ஒழுங்கு சில இடங்களில் கொஞ்சம் அசையும். புதுக் கடிதங்களை யூனிகோடில் அடிக்கப் பழகினால் போனிலும் வாசிக்கலாம், தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: லினக்ஸையும் போட்டால் விண்டோஸின் வேகம் குறையுமா?
– பூநகரி

பதில்: குறையாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், மற்றது டிஸ்க்கில் சும்மா படுத்திருக்கும். சி-யைப் பிழிந்து பிழிந்து நாலு ஜிபி மிச்சம் வைத்துவிட்டு விண்டோஸ் இழுபடுகிறது என்று சொன்னால் மட்டும் பழியை லினக்ஸ் மேல் போட வேண்டாம்.